தோட்டத்துப் பாட்டும் மின்சாரக் கிதாரும்

மலாய்நாட்டுத் தமிழர் சரித்திரம் என்று இதுகாறும் எழுதப்பட்டுள்ள புத்தகங்களை எடுத்துப் புரட்டுவோமாயின், அவற்றில் கோயில் கட்டினவர்கள் இருப்பார்கள். பள்ளிக்கூடம் வைத்தவர்கள் இருப்பார்கள். தொழிற்சங்கம் கண்டவர்களும், பத்திரிகை நடத்திக் கைப்பொருள் இழந்தவர்களும் இருப்பார்கள். பாட்டுப் பாடிப் பிழைத்தவன் மாத்திரம் அனேகமாக இருக்கமாட்டான். அதிலும் அவன் கையில் இருந்தது வீணையோ பிடிலோ அல்லாமல் கிதாராகவும், அவன் ஏறின மேடை சங்கீத சபையாக அல்லாமல் ஹோட்டலாகவும், அவன் பாடின பாஷை தமிழல்லாத பிறிதொன்றாகவும் இருந்துவிட்டால், அப்புறம் கேட்கவே வேண்டுவதில்லை. அவன் நம்மவன் என்று சொல்லிக்கொள்வதற்கே நம்மிற் பலர் கூசுவர்.

1960-ம் ஆண்டுகளின் இறுதியில் பினாங்கில் தோன்றிய ‘அல்லிகேட்ஸ்’ என்னும் வாத்தியக் குழுவைப் பற்றியும், அதைக் கண்டு நடத்திய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் சகோதரர்களைப் பற்றியும் யாம் எழுதத் துணிந்தது இக்காரணம் பற்றியே. ‘அல்லிகேட்ஸ்’ என்பதற்குச் சந்துப் பூனைகள் என்று பொருள். மலேசியாவில் வானொலி கேட்டு வளர்ந்த எவரும், எந்த ஜாதியினரானாலும் எந்த மதத்தினரானாலும், இவ்விருவர் குரலைக் கேளாதிருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் பெயர் நம் சரித்திரத்தில் ஏன் இல்லை என்று வினவுவது குற்றமாகாது.

முதலில் அந்த ஊரின் சங்கீத வாழ்வைச் சற்றே பார்ப்போம். பினாங்கு வெறும் வியாபாரத் துறைமுகமன்று. மலாய் நாடகமாகிய பங்சாவான் பிறந்த இடம் அதுவே. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனியாரைப் பார்த்து, மாமாக் புஷி என்பார் 1885-ம் வருஷத்தையொட்டி மலாய்ப் பாஷையில் நாடகக் குழுவொன்று அமைத்தார். ஆர்மோனியமும் தபேலாவும் பிடிலும் அதனோடு மலாய் மேடையிற் புகுந்தன. போரியா என்னும் தெருப்பாட்டோ, 19-ம் நூற்றாண்டில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களோடு கப்பலேறி வந்ததென்பர் ஆராய்ச்சியாளர். எனவே, இந்தியாவிலிருந்து வந்தவன் பினாங்கில் பிறர் பாஷையில் பாடினது 1960-ம் ஆண்டுகளில் நேர்ந்த புதுமையன்று. கிதாருக்கு எழுபது எண்பது வருஷம் முந்தியே அது நடந்திருக்கிறது. 1929-ம் வருஷம் அவ்வூரிற் பிறந்த பி. ரம்லியும், அவரைப் போலவே அவ்வூரில் வளர்ந்த ஜிம்மி பாயிலும் இந்தக் கலவைச் சங்கீதத்தின் பிள்ளைகளே.

ஆயர் ஈத்தாம் என்னும் பகுதி அவ்வூரின் மலையடிவாரம். கருநீர் என்பது அப்பெயரின் பொருள். மின்சார டிராம் வண்டி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கு வந்து சேர்ந்தது. 1923-ம் வருஷம் மலை ரயில் ஓடத் தொடங்கினதும் அங்கிருந்துதான். கெக் லோக் சீ என்னும் சீனக் கோயிலின் ஏழடுக்குக் கோபுரம் 1930-ல் முடிந்தது. டிராமையும் மலை ரயிலையும் யாம் இங்கே சொல்வது ஊர்ப் பெருமைக்காக அல்ல, மின்சாரத்துக்காக. மின்சாரம் எங்கே முன்னே போயிற்றோ அங்கேதான் மின்சாரக் கிதாரும் பின்னே போயிற்று. இதைச் சிறிது விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

சாதாரணக் கிதாரில் தந்தியின் ஓசையைப் பெருக்குவது அதன் மரக்குடம். நமது வீணையின் குடமும் அவ்வாறே. மின்சாரக் கிதாரிலோ குடம் வேண்டியதில்லை. உருக்குத் தந்திகளின் அடியில் காந்தத் துண்டுகளை வைத்து, அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருப்பர். தந்தி அதிர, காந்தப் புலம் அசைய, கம்பியில் மிகச் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதனைப் பெருக்கி யந்திரம் பன்மடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இக்கருவி அமெரிக்காவில் 1930-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உண்டாகி, 1950-ம் ஆண்டுகளில் கட்டை உடம்புடையதாய்க் கடைகளில் மலிந்தது. சுருங்கச் சொன்னால், கிதார் கொஞ்சம், மின்சாரம் கொஞ்சம். இரண்டாவது இல்லையேல் முதலாவது ஊமைக் கட்டை.

இனித் தோட்டத்து நிலையை நினைத்துப் பாருங்கள். ரப்பர்த் தோட்டங்களில் மின்சாரம் என்பது நெடுங்காலம் துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் யந்திரசாலைக்கும் உரிய சரக்காக இருந்தது. லயங்களுக்கு வந்த இடங்களிலும், தோட்டத்து யந்திரம் மாலையில் ஓடுகிற சில மணி நேரத்துக்கு மாத்திரமே விளக்கு. விடியற்காலைப் பெரட்டுக்கு எழும்ப வேண்டியவன் மண்ணெண்ணெய் விளக்கில் முகம் கழுவினான். தப்பும் உருமியும் ஆர்மோனியமும் பஜனைப் பாட்டும் லயத்தில் தழைத்ததற்கும், மின்சாரக் கிதார் அங்கு எட்டிப் பாராததற்கும், தோட்டத்தானின் ரசனை காரணமன்று, கம்பி காரணம். செக்ரோல் எழுதுகிற எம்போன்ற கிராணிகள் இதை ஒப்புக்கொள்வார்கள். பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த சங்கீதம் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இருபது வருஷம் தாமதித்தது என்றால், அந்த இருபது வருஷமும் மின்கம்பம் நடாமற்போன கணக்கில் எழுதப்பட வேண்டியதாகும்.

ஆனால் வேடிக்கை என்னவெனில், இந்தச் சங்கீதமே ஒரு தோட்டத்தில்தான் பிறந்தது! அமெரிக்காவின் மிசிசிப்பி மாகாணத்தில், பருத்தித் தோட்டங்களில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட நீக்ரோ மக்களின் சந்ததியார் கூலி வேலை செய்துகொண்டே பாடிய துயரப் பாட்டுக்கு ‘புளூஸ்’ என்று பெயர். ராக் சங்கீதத்துக்குத் தாய் அதுவே. ஸ்டோவால் என்னும் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மட்டி வாட்டர்ஸ் என்பவரின் பாட்டை, வாஷிங்டன் நகரத்துப் பெரிய புத்தகசாலையின் சார்பாக வந்தவர்கள் 1941-ல் தட்டில் பதிவு செய்தார்கள். தம் குரலைத் தாமே தட்டிற் கேட்ட அந்த மனிதர், இரண்டு வருஷம் கழித்துத் தோட்டத்தை விட்டு ரயிலேறிச் சிக்காகோ நகரம் சேர்ந்தார். அங்கே சாராயக் கடைகளின் இரைச்சலில் மரக்கிதாரின் ஓசை எடுபடவில்லை. ஆகவே மின்சாரக் கிதாரைக் கையில் எடுத்தார். மட்டி வாட்டர்ஸ் என்றால் கலங்கல் நீர். கலங்கல் நீருக்கும் எமது கருநீருக்கும் உறவு கற்பிப்பது விளையாட்டே எனினும், தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவனின் இரைச்சல்தான் இச்சங்கீதம் என்பது விளையாட்டன்று. உலகமெங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதனைக் கற்றுப் பெரும்பொருள் ஈட்டியபோது, இது வெள்ளைக்காரன் கூத்து என்று நம் பெரியவர்கள் முகஞ்சுளித்தார்கள். உண்மையில் இது கூலிக்காரன் பாட்டு. நம்மைப் போன்றவன் பாட்டு.

நிற்க. மலாய்நாட்டில் இச்சங்கீதம் பரவினதற்கு 1961-ம் வருஷத்தை ஓர் எல்லைக் கல்லாகக் கொள்ளலாம். அவ்வருஷம் இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதன் பின்னர் மூன்று கிதாரும் ஒரு டிரம்மும் சேர்ந்த குழுக்கள் மழைக்காலத்துக் காளான்கள் போல் ஊர்தோறும் முளைத்தன. விறுவிறுப்பான கிதார்க் கூட்டம் என்னும் பொருள்படும் மலாய்ச் சொற்றொடரைச் சுருக்கிக் ‘குகிரான்’ என்று அவற்றுக்குப் பெயரும் இட்டார்கள். பி. ரம்லி போன்ற மகாவித்துவானின் பாட்டுகூட அந்த வெள்ளத்தில் சில வருஷம் பழசாய் ஒதுக்கப்பட்டது. 1973-ல் அவர் காலமானபோது அவருடைய அருமையை நாடு முற்றும் உணர்ந்திருக்கவில்லை.

பினாங்கில் இக்குழுக்களுக்குச் சோறு போட்டவர் யார்? நமது சபைகள் அல்ல. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியப் படையினர் இருந்தார்கள்; அவர்களுடைய போர்விமானப் பிரிவுகள் 1988 வரையில் அங்கே தங்கியிருந்தன. வியட்நாம் யுத்தத்திலிருந்து சில நாள் இளைப்பாற வந்த அமெரிக்கச் சிப்பாய்களும் பினாங்கில் இறங்கினார்கள். சம்பளத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளை உயிரோடிருப்போமா என்று அறியாதவன், நல்ல பாட்டுக்குத் தயங்காமல் காசு கொடுப்பான்; அதே சமயம், தன் ஊர் வானொலியில் கேட்டபடியே பாட்டு இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துவான். இதுவே பினாங்கு வாத்தியக்காரரின் குருகுலம். ஐந்து மணி நேரம் நின்று வாசித்து, மறுநாள் புதுப் பாட்டொன்றைக் காதாலேயே பாடம் செய்துகொண்டு வராவிட்டால் வேலை போய்விடும். எந்தப் பாகவதரும் இதைவிடக் கடுமையாகச் சீடனை வாட்டியிருக்கமாட்டார்.

இவ்விடத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எமக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு ஜாதி உண்டு. நாதஸ்வரம் ஒருவருக்கு, பறை மற்றொருவருக்கு, வீணை பிறிதொருவருக்கு என்று தோலையும் தந்தியையும்கூடப் பிறப்பினால் பங்கிட்டு வைத்தோம். கப்பலேறி வந்தும் அந்தப் பங்கீட்டைக் கடலிற் போடவில்லை. சாவு வீட்டிற் பறையடித்தவனைக் கலியாண வீட்டுத் திண்ணையில் உட்கார விட்டோமா? கிதாருக்கோ ஜாதி கிடையாது. அது யாருடைய பாட்டன் சொத்தும் அன்று. கடையில் விலை கொடுத்து வாங்கினவன் கையில் அது பேசிற்று. பினாங்குக் குழுக்களில் தமிழன் பாட, சீனன் கிதார் மீட்ட, யூரேஷியன் டிரம் அடிக்க, மலாய்க்காரன் தாளம் கூட்டினது சர்வசாதாரணம். ஜாதி ஒழிப்புக்கு மேடை போட்டுப் பேசினோர் நம்மில் பலர் உண்டு. பேசாமலே செய்தவர்கள் இந்தக் கிதார்ப் பையன்கள்.

இந்த உலகத்திலிருந்துதான் ஆறுமுகம் சகோதரர்கள் புறப்பட்டார்கள். அவர்கள் புறப்பட்ட காலமோ பினாங்குக்கு மிகப் பொல்லாத காலம். 1967 நவம்பரில் நாணய மதிப்புக் குறைப்பை ஒட்டி அங்கே ஹர்த்தாலும் கலகமும் மூண்டன. 1969-க்குள் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்னும் பழைய உரிமையும் போயிற்று. கிடங்குகளும் தோணித்துறையும் ஓய்ந்தன. 1968-ல் நிறைவேறின வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவன் வேலை செய்யவே அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் மூட்டை கட்டிக்கொண்டு, கண்ணாற் காணாத ஊருக்குக் கப்பலேறினர். 1969 மே 13-ந் தேதிக் கலவரத்துக்குப் பின் ஊரடங்குச் சட்டம் வந்தது. இரவில் நடமாட முடியாத நாட்டில் இரவு விடுதிப் பாடகனுக்கு என்ன பிழைப்பு? அக்காலத்தில் கிதாரை நம்பினவனைச் சோம்பேறி என்று வைதவர்கள், அவன் நம்புவதற்கு வேறு என்ன இருந்தது என்று கேட்டாரில்லை.

அல்லிகேட்ஸ் குழுவினர் 1970-ம் ஆண்டுகளில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு விடுதி விடுதியாக உழைத்தார்கள். ஹாங்காங் வரையில் சென்று வாசித்தார்கள். பிறகு அப்பத்தாண்டின் கடைசியில் மலாய்ப் பாஷையில் இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார்கள். அங்கிருந்துதான் அவர்கள் பெயர் நாடெங்கும் பரவினது. சிங்கப்பூரிற் பிறந்த எம். நாசிர் போன்ற இளம் இசையமைப்பாளர்கள் அவர்களுக்காக மெட்டமைத்தார்கள். ஒற்றைச் செந்நிற ரோஜாவைப் பற்றிய ‘செகுந்தும் மாவார் மேரா’ என்னும் பாட்டு அவற்றுள் ஒன்று. அவர்களது குரலின் சிறப்பு யாதெனில், அமெரிக்க நீக்ரோப் பாடகரின் கனிவும் மலாய்க் காதற்பாட்டின் மென்மையும் ஒன்றையொன்று கெடுக்காமல் அதிலே கலந்திருந்தது. அதற்கடியில், ஸ்வரத்தை நேரே தொடாமல் சற்றே வளைத்துத் தொடுகிற ஒரு பழக்கமும் காதிற்படும். வீணையில் தந்தியை இழுத்து உண்டாக்கும் கமகத்துக்கும் புளூஸ் கிதாரில் தந்தியை வளைப்பதற்கும் வேற்றுமை சிறிதே. ஆதலால் இதை எங்கிருந்து வந்ததென்று அறுதியிடுவது அறிஞர் வேலை. எமது காதுக்கு அது சொந்தமாய்ப் பட்டது, அவ்வளவே.

இனி, இவர்கள் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுக்கு வருவோம். தமிழராய்ப் பிறந்து மலாயிற் பாடினார்களே, தமிழுக்கு என்ன செய்தார்கள் என்பது அது. இக்கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஆனால் அதே கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போடலாம். 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடி, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்று தீர்மானித்தார்களே, 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டார்களே, அவர்கள் சொன்ன முக்கியமான நியாயம் எது? கேட்கிறவனுக்கு விளங்குகிற பாஷையிற் பாடு என்பதன்றோ! விளங்காத தெலுங்கைத் தலையாட்டிக் கேட்பது கேலிக்கூத்து என்பதன்றோ! அந்த நியாயத்தின்படி பார்த்தால், மலாயும் சீனரும் தமிழரும் கலந்து உட்கார்ந்திருக்கும் சபையில், அனைவருக்கும் விளங்கும் பாஷை எதுவோ அதிற் பாடியவன் தமிழிசைக்காரரின் கொள்கையைத்தான் வேறொரு நாட்டில் நிறைவேற்றினான். 1971-ல் தேசிய கலாசார மாநாடு கூடி மலாய்க் கலாசாரமே நாட்டின் அடிப்படை என்று வகுத்தது. ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாய் மலாய்க்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த வகுப்புகளிலிருந்து வெளிவந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மலாய் விளங்கியது.

இருந்தாலும் வாதம் இத்துடன் முடியவில்லை. இலங்கையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கிதாரை மீட்டி, வீட்டு முற்றத்துப் பேச்சுத் தமிழிலேயே பாடினார், ஏ. ஈ. மனோகரன் பைலா மெட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பாடித் தமிழகத்தையே ஆட்டிவைத்தார். 1960-ம், 1970-ம் ஆண்டுகளிலேயே அங்கே தமிழ்ப் பாப் என்று ஒன்று உண்டாயிற்று. இங்கே ஏன் அவ்வளவு முளைக்கவில்லை? பாடக்கூடியவர் இல்லாமலா? அன்று. மலாய்நாட்டுத் தமிழனின் காது சென்னைச் சினிமாவுக்கு முன்பணம் வாங்கிய காது. கடையில் விற்ற தட்டும் சென்னைச் சரக்கு, வானொலியில் ஒலித்ததும் பெரும்பாலும் சென்னைச் சரக்கு, கலியாணப் பந்தலிற் கட்டின ஒலிபெருக்கியிலும் சென்னைச் சரக்கு. உள்ளூர்த் தமிழன் ஒருவன் சொந்தமாய் மெட்டுக் கட்டித் தமிழிற் பாடினால், அதை யார் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். மலாய்க்காரன் அல்லிகேட்ஸ் இசைத்தட்டை வாங்கினான். நாம் சிவாஜி கணேசன் படத்துப் பாட்டை வாங்கினோம். டேவிட்டும் லோகநாதனும் தமிழைக் கைவிட்டார்கள் என்பதைவிட, தமிழ்ச் சந்தை அவர்களைக் கூப்பிடவேயில்லை என்பது பொருந்தும்.

டேவிட் ஆறுமுகத்தின் தலைமுடியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது இவ்வரலாற்றுக்குக் குறை. பெரிய நிலாவைப்போல் வட்டமாய் விரிந்த சுருட்டைமுடி அவருடையது. அதுவே அக்குழுவின் கொடியாயிற்று. அமெரிக்க நீக்ரோ மக்கள் 1960-ம் ஆண்டுகளில், வெள்ளையனைப் பார்த்து முடியை நேராக்கிக்கொள்வதை விட்டு, பிறந்த முடியைப் பிறந்தபடியே வளர்த்தார்கள். அது அலங்காரமாக மாத்திரம் அன்றி ஒரு கொள்கையாகவும் இருந்தது. நம் வீடுகளிலோ சுருட்டை முடிக்கும் கறுத்த மேனிக்கும் வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதப் பேனா கூசுகிறது. அந்தக் கறுப்பையும் அந்தச் சுருட்டையையும் விளக்கு வெளிச்சத்தில், ஆயிரம் பேர் முன்னிலையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒரு தமிழன் நின்றான். நீண்ட முடியைக் கண்டால் சர்க்காருக்கே ஆகாத காலமும் இந்நாட்டில் இருந்தது. 1992-ல் ராக் பாடகர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவதற்காக முடியைக் கத்தரித்துக்கொள்ள நேர்ந்ததை அனேகர் அறிவர். டேவிட்டின் வட்டமுடி மாத்திரம் அக்குழுவின் அடையாளமாக ஜனங்கள் மனத்தில் நிலைத்துவிட்டது.

பாட்டு லயத்துக்குள் நுழைந்த விதத்தையும் குறித்துவிடுவோம். மின்சாரக் கிதாருக்குத்தான் மின்கம்பம் வேண்டும். ஒலிநாடாப் பெட்டிக்கு வேண்டாம். 1970-ம் ஆண்டுகளில் பேட்டரியால் ஓடும் சிறு பெட்டிகள் மலிந்தன. நாடாவின் விலையோ இசைத்தட்டின் விலையிற் குறைந்தது. திருட்டு நாடாவின் விலை அதனினும் குறைந்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, பெட்டியை வாசற்படியில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் அல்லிகேட்ஸ் பாட்டிலிருந்தே மலாய்க் காதற்சொற்களைப் படித்தார்கள். எமது தோட்டத்து மண்டோர் ஒருவர் இன்றும் மலாய் அதிகாரிகளிடம் பேசும்போது சில சொற்களை ராகத்தோடுதான் சொல்வார். எங்கே கற்றீர் என்றால் சிரிப்பார்.

அக்குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளுள் ஒன்று ‘அண்டைஞா ஆக்கு பெர்கி டூலு’. ‘நான் முன்னே போக நேர்ந்தால்’ என்பது அதன் பொருள். 2007-ம் வருஷம் ஜூன் மாதத்தில் லோகநாதன் ஆறுமுகம் நுரையீரற் புற்றுநோயால் காலமானார். இளமை முதல் புகை நிறைந்த விடுதிகளில் இரவெல்லாம் நின்று பாடுவதே இத்தொழிலாரின் வாழ்க்கை. அக்காலத்து விடுதிகளில் புகைபிடிக்கத் தடையும் இல்லை, பாடகனின் நெஞ்சைப் பரிசோதிக்க வைத்தியரும் இல்லை. தோட்டத் தொழிலாளிக்காவது, நல்லதோ கெட்டதோ, ஒரு மருந்துக்கொட்டகையும் சேமநிதியும் உண்டு. இரவுக்கு இரவு கூலி வாங்கும் வாத்தியக்காரர் பலருக்கு அதுவும் இருந்ததில்லை. புகழ் வந்தபின் வந்தவரைப் பற்றித்தான் நாம் எழுதுகிறோம். புகழ் வராமலே கிதாரை அடகுக்கடையில் வைத்துவிட்டுப் போனவர்கள் பினாங்கில் எத்தனை பேரோ!

தம்பி போனபின்பும் டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. டத்தோ பட்டம் பெற்றவராய், வேறு வாத்தியக்காரரைச் சேர்த்துக்கொண்டு, அதே பெயரோடு, அதே வட்டமுடியோடு மேடையேறினார். லோகநாதன் பாடும் இடம் வந்தபோதெல்லாம், சபையில் இருந்தவர்களே அந்த அடிகளைச் சேர்ந்து பாடினார்கள்.